படத்தின் பின்புறம்



இவ்வாண்டு மலருக்குப் பழைய படங்களைத் தேடித் தரும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பெற்றது. சங்கத்தின் தகரப் பெட்டியைத் திறந்தோம். கணக்குப் புத்தகங்கள், நாடகக் கையெழுத்துப் படிகள், கறையான் அரித்த ரசீதுக் கட்டுகள் ஆகியவற்றின் அடியில், தடித்த அட்டையில் ஒட்டப்பெற்ற பெரிய நிழற்படம் ஒன்று கிடந்தது. சங்கத்தின் தொடக்க காலத்து ஆண்டு விழாவில் எடுத்த படம் அது. நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர் எழுவர். பின்னே நிற்பவர் பன்னிருவர். ஆக 19 பேர். கோட்டும் துண்டும் தலைப்பாகையுமாக நிமிர்ந்து நம்மையே நோக்குகின்றனர். நடுவில் ஒரு குத்துவிளக்கு. படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறும் அட்டை. ஒரு பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

நம் பிள்ளைகள் இன்று ஏறிப் பாடும் மேடையை முதலில் அமைத்தவர்கள் இவர்கள். இவர்கள் அனைவரும் யார் யார் என்று கூற வல்லவர் ஒருவரும் இன்று நம்மிடையே இல்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரையின் முடிவில் கூறுவோம். அதற்கு முன், படத்திற்கும் அதன் பின்னே உள்ள கதைக்கும் எத்தகைய உறவு உண்டு என்பதைத் தம் வாழ்வால் உணர்த்திய பெருமாட்டி ஒருவரின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். அவர் தமிழர் அல்லர்; பார்சி குலத்தவர். ஆயினும் நமக்கு அயலாரும் அல்லர். நாம் வாழும் இதே வடோதரா நகரில், நம் பேச்சு வழக்கில் பரோடாவில், தம் வாழ்வின் இறுதி 30 ஆண்டுகளைக் கழித்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக்காரர் என்று போற்றப்பெறும் ஹோமாய் வியாரவாலா அம்மையாரே அவர்.

ஒரு ரூபாய்ப் படம்

அம்மையார் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நவ்சாரியில் பிறந்தார். சூரத்தைக் கடந்து பம்பாய் நோக்கிச் செல்லும் வண்டியில் நாம் எல்லோரும் கண்டிருக்கும் நிலையந்தான் நவ்சாரி. தந்தையார் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய உருது–பார்சி நாடகக் குழுவில் நடிகர். பார்சி நாடகம் நமக்குப் புதியதன்று. அதன் வண்ணத் திரைச் சீலைகளையும் மெட்டுகளையும் நம் தமிழ் நாடகக் கம்பெனிகளும் ஒரு காலத்தில் விரும்பி ஏற்றுக்கொண்டன. இளமையிலேயே ஊர் மாறி ஊர் வாழும் வாழ்க்கை அம்மையாருக்குப் பழகிவிட்டது. இடமாற்ற உத்தரவு வந்ததும் பெட்டி கட்டும் நம் குடும்பத்தார் அவ்வாழ்க்கையை எளிதில் உணர்வர்.

பின்னர் குடும்பம் பம்பாயில் தங்கியது. அக்காலத்தில் பெண்களை உயர் வகுப்புகளுக்கு அனுப்புவார் குறைவு. மெட்ரிக் வகுப்பில் இருந்த 36 மாணவருள் அவர் ஒருவரே பெண். அதன்பின் பம்பாயிலுள்ள ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்றார். தம் 13ஆம் வயதில் மானெக்‌ஷா வியாரவாலா என்னும் இளைஞரை முதன்முதலாகச் சந்தித்திருந்தார். ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ பத்திரிகையில் பணியாற்றியவரும், காமிராவில் பெரும் ஈடுபாடு கொண்டவருமான அவரே பிற்காலத்தில் அம்மையாரின் கணவரானார். நிழற்படக் கலையைக் கற்றுத் தந்த ஆசிரியரும் அவரே.

1930களின் இறுதியில், பம்பாய் மகளிர் குழு ஒன்றின் உல்லாசப் பயணத்தை அம்மையார் படம் பிடித்தார். அப்படங்களை ‘பம்பாய் கிரானிக்கிள்’ வெளியிட்டது. படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. அதுவே தொடக்கம். பின்னர் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழுக்கும் படங்கள் எடுத்தார். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே அச்சாயின. பெயர் அறியப்படாத ஒரு பெண்ணின் படத்தை வெளியிடுவதில் அக்காலத்தார்க்குத் தயக்கம் இருந்தது. உழைப்பு ஒருவருடையது, கையெழுத்து மற்றொருவருடையது என்னும் நிலை அலுவலகத்தில் இருப்போர்க்கு விளக்கம் வேண்டாத ஒன்று.

புடைவையும் மிதிவண்டியும்

1942ஆம் ஆண்டு இருவரும் டில்லி சென்றனர். அங்கே பிரிட்டிஷ் செய்தித் துறையில் அம்மையாருக்கு வேலை கிடைத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். புடைவை உடுத்து, தோளில் காமிராவைத் தொங்கவிட்டு, டில்லித் தெருக்களில் மிதிவண்டியில் செல்லும் ஒரு பெண்ணைக் கண்டு மக்கள் வியந்தனர். ஏதோ பொழுதுபோக்குக்காகவோ பகட்டுக்காகவோ காமிராவைத் தூக்கித் திரிகிறார் என்று பலர் எண்ணினராம். அம்மையார் அதற்காக வருந்தவில்லை. ‘இவர் என்ன செய்துவிடப் போகிறார்’ என்று காவலர்களும் அதிகாரிகளும் அசட்டையாக விட்டுவிட்டதால், மற்றவர் நெருங்க இயலாத இடங்களுக்கும் அவரால் செல்ல முடிந்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்த பிறகே, அவர் வேலையாகத்தான் வந்திருந்தார் என்பது பிறருக்கு விளங்கியது. பின்னாளில் இதனை அவரே நகைச்சுவையுடன் எடுத்துரைத்துள்ளார்.

அக்காலக் காமிராவைப் பற்றி நம் இளைஞர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். அம்மையார் கையாண்டவற்றுள் ஒன்று ‘ஸ்பீடு கிராபிக்’. பெட்டி போன்ற கனத்த கருவி அது. 4 அங்குல அகலமும் 5 அங்குல நீளமும் உள்ள தனித்தனிப் பிலிம் தகடுகளை ஒரு சட்டத்தின் இருபுறமும் செருகி வைப்பர். ஒரு படம் எடுத்தபின் சட்டத்தை உருவித் திருப்பிப் போட்டால்தான் அடுத்த படம் எடுக்கலாம். பிளாஷ் விளக்கின் குமிழ் ஒரு முறை பளிச்சிட்டதும் பயனற்றுப் போகும். சூடு ஆறாத குமிழைக் கழற்றிவிட்டுப் புதிய குமிழைத் திருக வேண்டும். மற்றொரு காமிராவான ‘ரோலிபிளக்ஸ்’ இதனினும் எளிது. எனினும் அதிலும் ஒரு சுருளுக்குப் 12 படங்களே. எனவே தலைவர் ஒருவர் கை குலுக்கும்போது படக்காரருக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு. அதனைத் தவறவிட்டால், ‘ஐயா, மீண்டும் ஒரு முறை’ என்று பிரதம மந்திரியைக் கேட்பது எங்ஙனம்? படத்தை எடுத்தபின் இருட்டறைக்குச் சென்று, மருந்து நீரில் பிலிமைக் கழுவி, தாளில் பதித்து, அன்றிரவே அச்சுக்கு அனுப்ப வேண்டும். இன்று ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கும் நாம் இவ்வுழைப்பை எண்ணிப் பார்த்தல் நன்று.

கை உயர்த்திய தலைவர்கள்

1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டில்லியில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடி, நாட்டுப் பிரிவினைத் திட்டத்தை ஏற்கும் தீர்மானத்தின்மீது வாக்களித்தது. அதனை அம்மையார் படம் பிடித்தார். தரையில் அமர்ந்த தலைவர்கள் கை உயர்த்தி நிற்கும் காட்சி அது. நம் சங்கப் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கை ஏற்கக் கை உயர்த்துவோமே, பார்வைக்கு அதே காட்சிதான். ஆனால் அக்கைகள் உயர்ந்த சில மாதங்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடும் ஊரும் இழந்தனர். வண்டியின் உள்ளும் கூரைமீதும் நெருக்கியடித்து அவர்கள் எல்லை கடந்து சென்றது இருப்புப் பாதையின் வரலாற்றில் துயரமானதோர் ஏடு. இவை எவையும் அப்படத்தில் தெரிவதில்லை. கதையை அறியாதவர்க்கு அஃது ஒரு கூட்டப் படம். அறிந்தவர்க்கோ நெஞ்சை அழுத்தும் படம்.

அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் செங்கோட்டையில் நேரு பெருமகனார் மூவண்ணக் கொடி ஏற்றியதையும், 1948 ஜூன் திங்களில் மவுண்ட்பேட்டன் பிரபு நாட்டை விட்டு விடைபெற்றதையும் அம்மையார் படம் எடுத்தார். 1956 நவம்பரில், புத்தர் பெருமானின் 2,500ஆம் ஆண்டு விழாவிற்காகத் தலாய் லாமா முதன்முறையாக இந்தியா வந்தார். 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள நாதுலா கணவாய் வழியே சிக்கிமிற்குள் அவர் நுழைந்த காட்சியைப் படம் பிடிக்க, அம்மையார் கனத்த கருவிகளுடன் மலைநாடு சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 42. எலிசபெத் அரசியார், ஐசனோவர், ஹோ சி மின் என்று டில்லிக்கு வந்த பெருந்தலைவர் பலரும் அவர் காமிராவுக்குள் வந்தனர்.

எனினும் அவர் மிக விரும்பிப் படம் எடுத்தது நேரு பெருமகனாரையே. பாலம் விமான நிலையத்தில் தம் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அம்மையாரை வரவேற்க நேரு காத்திருந்தார். அவர் அருகிலேயே ‘படம் எடுத்தல் கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது’ என்று ஓர் அறிவிப்புப் பலகை. பலகையும் பிரதமரும் ஒன்றாக விழும்படி அம்மையார் படம் எடுத்துவிட்டார்! மற்றொரு படத்தில் நேரு வெண்புறா ஒன்றைப் பறக்கவிடுகிறார். புறா கையை விட்டு எழும் அந்த நொடி படத்தில் நிலைத்து நிற்கிறது. இன்னொன்றில், வாயில் தாமும் சிகரெட்டை வைத்துக்கொண்டு, விமானத்தில் உடன் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் துணைவியாருக்கு நேரு சிகரெட் பற்றவைக்கிறார். மேடையில் கண்ட தலைவரை மனிதராகக் காட்டும் படங்கள் இவை. இழிவுபடுத்தும் நோக்கம் இவற்றுள் ஒன்றிலும் இல்லை. ஒருவரை மானக்கேடாகக் காட்டும் படத்தை எடுப்பதில்லை என்பது அம்மையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறி.

1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். அப்பொழுதும் அம்மையார் காமிராவுடன் நின்றார். உடனிருந்த படக்காரர்கள் காணாவண்ணம் முகத்தை மறைத்துக்கொண்டு அழுததாகப் பின்னாளில் கூறினார். அன்றைய படங்களில் அக்கண்ணீர் இல்லை. அவர் வாய் திறந்து சொன்னமையால் மட்டுமே அதனை நாம் அறிகின்றோம்.

எடுக்காத படம்

அம்மையாரின் கதைகளுள் நம் உள்ளத்தை விட்டு நீங்காதது அவர் எடுத்த படத்தைப் பற்றியதன்று. எடுக்காமல் விட்ட படத்தைப் பற்றியது.

1948 ஜனவரி 30. டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் நாள்தோறும் மாலையில் பிரார்த்தனைக் கூட்டம் நடத்திவந்தார். அன்று அக்கூட்டத்திற்குச் செல்ல அம்மையார் புறப்பட்டுவிட்டார். கணவர் அவரைத் திரும்ப அழைத்தார். நாளை இருவரும் சேர்ந்தே போகலாம் என்றார். அதில் தவறு ஏதும் இல்லை. கணவன் மனைவியரிடையே நாள்தோறும் நிகழும் பேச்சு அது. அம்மையாரும் திரும்பிவிட்டார். அன்று மாலை 5 மணி கடந்து 17 நிமிடங்களில், பிரார்த்தனை மேடைக்கு நடந்து சென்ற காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறுநாள் அம்மையார் சென்றது இறுதி ஊர்வலத்தைப் படம் எடுக்கவே. ‘நாளை’ என்று எண்ணிய அந்த நாள் வந்தது. ஆனால் வேறு விதமாக வந்தது. தம் தொழில் வாழ்வில் மாறாத வருத்தம் இதுவே என்று அம்மையார் முதுமையிலும் கூறிவந்தார். தாம் அங்கிருந்தால் பெரும்புகழ் கிட்டியிருக்குமே என்ற ஏக்கம் மட்டுமன்று அது. கண்முன் நடந்திருக்க வேண்டிய ஒன்றற்குச் சாட்சியாக நிற்கத் தவறிவிட்டோமே என்ற வருத்தம் என்றே நாம் கருதுகின்றோம்.

டால்டா 13

அம்மையாருக்கு ஒரு விளையாட்டான புனைபெயரும் உண்டு. பிறந்தது 1913இல், கணவரைச் சந்தித்தது 13ஆம் வயதில், முதலில் வாங்கிய காரின் எண் டி.எல்.டி. 13. இவற்றைக் கூட்டி, ‘டால்டா 13’ என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். பதின்மூன்றை ஆகாத எண் என்று அஞ்சுவோர் பலர்; அவரோ அதனைத் தம் அடையாளமாக்கிக் கொண்டார். வனஸ்பதி டின் இல்லாத வீடு அரிதாயிருந்த அந்நாளில் இப்பெயர் எவ்வளவு சிரிப்பை விளைத்திருக்கும் என்பதைப் பெரியோர் அறிவர்.

1969இல் கணவர் காலமானார். 1970இல் அம்மையார் தொழிலை விட்டார். அவருக்கு வயது 56. கையும் கண்ணும் தளரவில்லை. ஆயினும் படக்காரரிடையே முன்பு இருந்த ஒழுங்கும், ஒருவரையொருவர் மதிக்கும் பண்பும் குறைந்துவிட்டன என்று கண்டார். முண்டியடித்துப் படம் எடுப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பின்னர், ராஜஸ்தானத்தில் பிலானியில் ஆசிரியராக இருந்த ஒரே மகனுடன் வாழ்ந்தார். 1982இல் இருவரும் வடோதரா வந்தனர். 1989இல் மகனும் நோயால் மறைந்தார். அதன்பின் சிறியதொரு வீட்டில் அம்மையார் தனியே வாழ்ந்தார். செடிகளைப் பேணினார். வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொண்டார். டில்லியின் பெரிய நாள்களைக் கண்ட கண்கள் அவை என்பதை அத்தெரு வழியே சென்றவருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

கதவைத் தட்டியவர்

படங்கள் இருந்தன, கதைகள் அம்மையாரின் நினைவில் மட்டுமே இருந்தன. அந்நிலையில் டில்லி ஜாமியா மில்லியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சபீனா கடிஹோக் என்னும் பெண்மணி அவரைத் தேடி வந்தார். படம் படமாக எடுத்து வைத்துக் கேட்டார். இஃது எங்கே எடுத்தது, உடன் இருந்தவர் யார், அன்று என்ன நேர்ந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1998இல் அம்மையாரையும் வேறு இரு பெண் நிழற்படக்காரரையும் பற்றி ஓர் ஆவணப் படம் எடுத்தார். 2006இல் அம்மையாரின் வாழ்வையும் படங்களையும் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 2010இல் டில்லி தேசிய நவீன கலைக் கூடத்தில் அம்மையாரின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பெற்றன. படத் தொகுப்பு அல்காஜி அறக்கட்டளையின் பாதுகாப்பில் சேர்ந்தது. 2011இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. அப்பொழுது அவர் அகவை 97.

இக்கட்டுரையில் நாம் கூறிய செய்திகள் நமக்கு எட்டியது, ஒருவர் உரிய காலத்தில் சென்று கதவைத் தட்டிக் கேட்டமையால்தான். அவர் ‘நாளை கேட்கலாம்’ என்று இருந்திருந்தால், கை உயர்த்திய தலைவர்கள் படத்தில் இருப்பர். நேருவும் புறாவும் இருப்பர். முகத்தை மறைத்து அழுத பெண்மணியை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இங்கே நம் குறை ஒன்றையும் ஒளியாது கூற வேண்டும். விருதுச் செய்தி வந்தபோது, நம் குடியிருப்பு நண்பர் ஒருவர், “அம்மையார் நம் ஊரில்தானே இருக்கிறார்; நாம் நான்கு பேர் சென்று பார்த்து வணங்கிவிட்டு வரலாமே” என்றார். “நல்ல யோசனை. பிள்ளைகளுக்குத் தேர்வு முடியட்டும்” என்றோம். தேர்வு முடிந்தது. ஊருக்குச் செல்லும் விடுமுறை வந்தது. பின்னர் மழைக்காலம், நவராத்திரி, தீபாவளி. 2012 ஜனவரி 15 அன்று நம் வீடுகளில் தைப்பொங்கல். வானமெங்கும் குஜராத்தியரின் உத்தராயணப் பட்டங்கள். அன்றுதான் அம்மையார் இந்நகரில் காலமானார். நாம் செய்தித்தாளில் படித்து அறிந்தோம். வீட்டிலிருந்து செல்ல வேண்டிய தொலைவு பெரிதன்று. ஓராண்டு முழுவதும் அத்தொலைவை நாம் கடக்கவில்லை.

கோட்டு யாருடையது?

இனி நம் பெட்டியில் கிடைத்த படத்திற்கு வருவோம். அக்காலத்தில் இருந்தவர்களுள் எஞ்சியிருந்தவர் 90 வயதை நெருங்கிய ஒரு தாயார் மட்டுமே. படத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை அவர் இல்லம் சென்றோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் குத்துவிளக்கு எங்கள் வீட்டு விளக்கு. என் அம்மா சீராகக் கொடுத்தது. விழாவென்றால் இதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்” என்றார். பிறகு நிற்பவருள் ஒருவரைக் காட்டிச் சிரித்தார். “இவர் பார்சல் ஆபீசில் இருந்தவர். புதிதாக வந்திருந்தார். படம் எடுக்கிறார்கள் என்றதும், ‘நம்மிடம் கோட்டு இல்லையே’ என்று ஒதுங்கி நின்றார். எங்கள் வீட்டுக்காரர் தம் கோட்டைக் கழற்றிக் கொடுத்து, ‘இதைப் போட்டுக்கொண்டு நில்லப்பா, ஊரில் உன் அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள்’ என்றார். பாருங்கள், எங்கள் வீட்டுக்காரர் மட்டும் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.”

பார்த்தோம். அதுவரை பத்து முறை பார்த்த படந்தான். அமர்ந்திருந்த எழுவருள் கோட்டு இல்லாதவர் ஒருவர் இருந்தார். நிற்பவருள் ஒருவருக்குக் கோட்டு தோளில் தளர்ந்து தொங்கியது. அந்நேரம் வரை அது நம் கண்ணில் படவே இல்லை. நம் சங்கம் எதனால் கட்டப்பட்டது என்று எவரேனும் கேட்டால், இனி நாம் அந்தக் கோட்டையே காட்டுவோம்.

அன்று அவர் 11 பேருக்குப் பெயர் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஊர், வேலை, பாடிய பாட்டு, நடித்த வேடம் எல்லாம் சொன்னார். இருட்டிவிட்டது. நமக்கு மறுநாள் காலை முறை. “அம்மா, மீதி எட்டுப் பேரை அடுத்த ஞாயிறு வந்து கேட்டுக்கொள்கிறோம்” என்றோம். “வாருங்கள் தம்பி, நான் எங்கே போகப் போகிறேன்?” என்றார். அடுத்த ஞாயிறு மாதக் கணக்கு முடிக்கும் வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கு முன்பே அவர் இறைவனடி சேர்ந்தார். எட்டுப் பேரும் அவருடனேயே சென்றுவிட்டனர்.

அம்மையாரின் கணவர் ‘நாளை’ என்றதில் எக்குற்றமும் காண இயலாது. வரப்போவதை அவர் அறியார். நாமோ 90 வயது முதியவரிடம் ‘அடுத்த ஞாயிறு’ என்றோம். நமக்கு அச்சமாதானமும் இல்லை.

ஒரு வேண்டுகோள்

அன்பர்கள் ஒவ்வொருவரும் இல்லம் சென்றதும் ஒன்று செய்ய வேண்டுகிறோம். பெட்டியிலும் பரணிலும் உள்ள பழைய படங்களை எடுங்கள். வீட்டிலுள்ள முதியோரை உடன் அமர்த்திக் கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மைப்பேனா ஊறி முன்பக்கம் தெரியும், பந்துமுனைப் பேனா தாளில் பள்ளம் விடும். முன்வரிசை, பின்வரிசை எனப் பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். பின்புறம் அட்டை ஒட்டியிருந்தால் தனித் தாளில் எழுதிப் படத்துடன் ஓர் உறையில் இடுங்கள். கைப்பேசியில் உள்ள படங்களுக்குப் பின்புறமே இல்லை. ஆதலின் ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தாளில் பதித்து, அவற்றின் பின்னும் எழுதிவையுங்கள். பெயரோடு நில்லாமல், அன்று நடந்த ஒரு சிறு செய்தியையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கோட்டுக் கதை பெயர்ப் பட்டியலில் வாராது.

விழா நாளன்று மண்டப வாயிலில் ஒரு மேசைமேல் அந்த 19 பேர் படம் இருக்கும். அருகில் 11 பெயர்கள் எழுதிய தாளும், எட்டு வெற்று வரிகளும், ஒரு பென்சிலும் இருக்கும். தங்கள் தந்தையார், பாட்டனார், அயல்வீட்டார் என்று எவர் முகமேனும் தெரிந்தால் உடனே எழுதுங்கள். வீட்டுக்குச் சென்று கேட்டு வந்து பிறகு எழுதுவோம் என்று செல்லாதீர்கள், அங்கிருந்தே தொலைபேசியில் கேளுங்கள். இவ்வாண்டு எடுக்கும் குழுப் படத்தின் பின்புறம், அன்றிரவே, மண்டபம் பூட்டுமுன் நாம் எல்லோர் பெயரையும் எழுதி முடிப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!